"போயிட்டு வாங்க" என்று நான் சொல்லாத நாள்

ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்டில் என்னைக் "காளான் சிஸ்டர்" என்று கூப்பிடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுபோகிற கோயில் பாட்லக்கில் நான் கொண்டுபோன டிரேயைத் திறந்தால், "ஆன்ட்டி, இது மஷ்ரூம் பிரியாணியா? அப்ப எனக்கு ரெண்டு கரண்டி ஜாஸ்தியா" என்று யாராவது கண்ணடிப்பார்கள். சும்மா சொல்லக்கூடாது, ஜோக் நல்ல ஜோக்தான். நானும் சிரித்துவிட்டு ரெண்டு கரண்டி ஜாஸ்தியாகவே போடுவேன்.

விஷயம் இதுதான். ஹூஸ்டனில் ஒரு பெரிய மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவள் நான். கடைசிச் சில வருடங்கள் ஓர் ஆய்வில் வேலை பார்த்தேன். தீராத நோய் வந்து, நோயைவிடச் சாவு பயத்தில் அதிகமாக வதங்கிப்போனவர்களுக்கு சிலோசைபின் என்ற மருந்தைக் கொடுத்து, அது வேலை செய்யும் பகல் முழுக்க அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது என் வேலை. "சும்மா உக்காந்திருக்கிறதுக்கு உனக்குச் சம்பளமா?" என்று எங்கள் வீட்டுக்காரர் கேட்காத வாரம் கிடையாது.

போன மாதம் என் பழைய டீம் ஒரு வீடியோ மீட்டிங்குக்கு என்னையும் கூப்பிட்டது. புதுத் திட்டம் வருகிறதாம். நோயாளி பக்கத்தில் இரண்டு பேர் உட்காருவது வீண் செலவாம். அறையில் கேமரா வைத்துவிட்டால் எங்கேயோ ஓர் அறையில் ஒருவர் உட்கார்ந்து பல திரைகளைப் பார்த்துக்கொள்வார். இங்கிலீஷ் தெரியாதவர்களுக்கு மொழிபெயர்க்கிற ஆப் இருக்கிறது. புது மேனேஜர் பையன் நல்ல மரியாதையாகத்தான் கேட்டான், அந்த அறையில் நீங்கள் உண்மையில் என்னதான் செய்தீர்கள் என்று. எங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு கூட்டாளி கிடைத்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன். மீட்டிங்கில் எனக்குக் கிடைத்த நேரத்தில் பாதி, மைக்கை ஆன் பண்ணுவதிலேயே போய்விட்டது. அங்கே சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

பெயர்களையெல்லாம் மாற்றிவிட்டேன். சம்பந்தப்பட்ட அம்மாவிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "எழுதுங்க சிஸ்டர், நான் உங்களைத் திட்டினதையும் விட்டுறாம எழுதுங்க" என்றார். விடமாட்டேன்.

மதுரையில் படித்தது, சென்னையில் வேலை பார்த்தது, பரீட்சை எழுதி அமெரிக்கா வந்தது எல்லாம் எல்லா நர்ஸும் சொல்கிற கதை. அதை விட்டுவிடுகிறேன். இங்கே ஐசியூவில் பல வருடம், பிறகு மனநல வார்டு. ஐசியூ கை சும்மா இருக்காது. டியூபை நேராக்கும், போர்வையை இழுத்துவிடும், மானிட்டரைத் தட்டும். இந்த ஆய்வில் சேர்ந்ததும் நான் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது கையைக் கட்டிக்கொண்டு இருப்பதை. நம்பினால் நம்புங்கள், நர்ஸிங்கில் நான் கற்றதிலேயே கஷ்டமான பாடம் அதுதான்.

கற்றுக்கொடுத்தவர் டாக்டர் மெரிடித். மேற்கு டெக்ஸாஸ்காரர், மாட்டுப் பண்ணையில் வளர்ந்தவர், அறுபது தாண்டியும் கௌபாய் பூட்ஸோடுதான் வேலைக்கு வருவார். யாரையும் பாராட்டமாட்டார், திட்டவும் மாட்டார். நாம் ஏதாவது சொன்னால் "ம்ம்" என்பார். அந்த "ம்ம்"மில் நல்ல "ம்ம்", கெட்ட "ம்ம்" என்று தரம் பிரிக்க எனக்கு ஒரு வருஷம் பிடித்தது.

ஒவ்வொரு செஷனுக்கும், அதாவது மருந்து கொடுக்கிற நாளுக்கு, முந்தின நாள் அவர் பூட்ஸைக் கதவுக்கு வெளியே கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய், நோயாளி படுக்கப்போகிற சோபாவில் தானே படுத்துக்கொள்வார். மேலே பார்ப்பார். ஏசி காற்று முகத்தில் அடிக்கிறதா, கூரையில் ஏதாவது கறை பூச்சி மாதிரி தெரிகிறதா, பாத்ரூம் குழாய் சொட்டுகிற சத்தம் கேட்கிறதா என்று படுத்தபடியே ஒவ்வொன்றாகச் சொல்வார், நான் சரிபண்ண வேண்டும். சாதாரண நாளில் யாரும் கவனிக்காத கறை, அந்த மருந்து உள்ளே போனபிறகு நடக்க ஆரம்பித்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். பெரிய டாக்டர் ஒருவர் சோபாவில் படுத்துக்கொண்டு குழாய்ச் சத்தம் கேட்பதை முதல்முறை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குக் கிடைத்தது கெட்ட "ம்ம்".

மருந்து மருந்தகத்தில் இரட்டைப் பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டியில் இருக்கும். சட்டத்தின் பார்வையில் அது ஹெராயினோடு ஒரே அலமாரியில் இருக்கிற சரக்கு. மருந்தாளுநர் ஒரு கையெழுத்து, நான் ஒரு கையெழுத்து. வாங்கியதும் வழியில் யார் கூப்பிட்டாலும் நிற்காமல் அறைக்கு நடக்க வேண்டும். அங்கே அதை ஒரு சின்ன மண் கோப்பையில் போட்டுக் கொடுப்போம். வார்டில் கொடுக்கிற காகிதக் கப்பைத் தொடக்கூடாது என்பது மெரிடித்தின் உத்தரவு. நோயாளி விழுங்கியதும் கண்ணுக்குத் துணி, காதுக்கு இசை. அவ்வப்போது ரத்த அழுத்தம் பார்ப்போம். மற்றபடி நாங்கள் இருவர் இரண்டு பக்கமும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். பேச அனுமதித்த வாக்கியங்கள் கொஞ்சம்தான். நான் இங்கே இருக்கிறேன். மூச்சை விடுங்கள். இது மருந்தால் வருவது, அடங்கிவிடும். அவர் கேட்காத எதற்கும் விளக்கம் சொல்லக்கூடாது.

அது என்ன மருந்து என்று பாட்லக்கில் கேட்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். சில காளான்களில் இருக்கிற சத்து அது. நாங்கள் கொடுத்தது ஆய்வகத்தில் சுத்தமாகச் செய்து காப்ஸ்யூலில் அடைத்த பொடி. மூளையில் செரட்டோனின் வந்து உட்காரும் இடங்களில் இது உட்கார்ந்துகொள்கிறது. நான், எனது என்று நமக்குள்ளே ஓயாமல் ஓடுகிற பேச்சு கொஞ்ச நேரம் தளர்ந்துபோகிறது என்று ஸ்கேன் பார்க்கிறவர்கள் சொல்கிறார்கள். அந்த ஒரு பகலுக்குப் பிறகு சிலருக்கு ஏன் பயம் விட்டுப்போகிறது, சிலருக்கு ஏன் ஒன்றுமே ஆவதில்லை என்பது முழுசாக யாருக்கும் தெரியாது. தெரியும் என்று யாராவது அடித்துச் சொன்னால் அவரிடம் ஜாக்கிரதையாக இருங்கள். குடும்பத்தில் கடுமையான மனநோய் இருந்தால், இதயம் சரியில்லை என்றால், நாங்கள் சேர்க்கவே மாட்டோம். வீட்டில் யாரும் செய்து பார்க்கிற சமாசாரமே இல்லை.

துரைசாமி சார் இந்த ஆய்வுக்கு வந்தது அவர் மகள் தீபா மூலம். பெட்ரோலியக் கம்பெனியில் இன்ஜினீயராக இருந்தவர். சொந்த ஊர் கோபிப் பக்கம். கணையத்தில் கேன்சர். முதல் நாள் என்னைப் பார்த்து, தமிழ்க்காரி என்று தெரிந்ததும் முகம் மலர்ந்து, "வணக்கமுங்க சிஸ்டர்" என்றார். அன்று முழுக்க வார்த்தைக்கு வார்த்தை சிஸ்டர். சாயந்திரம், என்னோடு இரண்டாவது ஆளாக உட்காருகிற ஜேக் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அவர் உன் அண்ணன் என்பதை நீ முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும், சொந்தக்காரர் செஷனில் நீ உட்காரக்கூடாது என்று வருத்தத்தோடு சொன்னான். எங்கள் ஊரில் நர்ஸ் எல்லாருமே சிஸ்டர்தான் என்று அவனுக்குப் புரியவைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

மருந்துக்கு முன்னால் பல நாள் உட்கார்ந்து பேசுவோம். சாவதற்குப் பயமில்லை என்று ஆரம்பத்தில் துரைசாமி சார் சாதித்தார். தூக்கம் மட்டும்தான் வரவில்லையாம். மூன்றாவது தடவையோ என்னவோ, அவர் மனைவி சரஸ்வதி வெளியே வெயிட்டிங் ரூமில் இருந்தபோது, சட்டென்று உடைந்துவிட்டார்.

"வீட்ல பேச விடமாட்டேங்கறாங்க சிஸ்டர். சரசு, நான் போனதுக்கப்பறம்னு ஆரம்பிச்சாலே, வாயைக் கழுவுங்கன்னுட்டு எந்திரிச்சு காப்பி போடப் போயிருவா. ஒரு நாளைக்கு எத்தனை காப்பிதாங்க குடிக்கறது?"

சொல்லும்போது அவரே சிரித்தார், பிறகு அழுதார். நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவளிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல், திருட்டுத்தனமாகக் கிளம்புகிற மாதிரி போய்விடுவோமோ என்பதுதான் அவருடைய பயம். நமக்குத் தெரியாததா? பக்கத்துக் கடைக்குப் போகிறவன்கூட "போறேன்" என்று சொல்லிவிட முடியாத வீடுகள் நம் வீடுகள். "போறேன்னு சொல்லாதே, போயிட்டு வரேன்னு சொல்லு" என்று அந்த வார்த்தையை அப்படியே நம் வாயிலிருந்து பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். பிறகு நிஜமாகவே போகிறவன் எந்த வார்த்தையைச் சொல்வான்?

பயம் வந்தால் கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்று முன்னாலேயே கேட்டு, பழகிப் பார்ப்பதும் எங்கள் முறை. துரைசாமி சார் நெளிந்தார். வேற்றுப் பெண்பிள்ளை கையைப் பிடிப்பது அவருக்குக் கூச்சம். நான் யோசித்தேன். வீட்டிலிருந்து மனதுக்குப் பிடித்த பொருள் ஏதாவது கொண்டுவரலாம் என்று ஒரு விதி இருந்தது. உங்கள் துண்டைக் கொண்டு வாருங்கள், ஒரு முனை உங்களிடம், ஒரு முனை என்னிடம் என்றேன். சென்னிமலைத் துண்டு, பச்சைக் கரை போட்டது, கொண்டுவந்தார். மெரிடித் அதைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு "ம்ம்" என்றார். நல்ல "ம்ம்".

செஷன் அன்று காலை சரஸ்வதி மருத்துவமனை வாசல்வரை வந்தார். "போயிட்டு வாங்க" என்றார். "வர்றேன்" என்று சொல்லிவிட்டு துரைசாமி சார் உள்ளே வந்தார். அந்த அம்மா வெயிட்டிங் ரூமில் உட்கார்ந்துகொண்டார்.

காப்ஸ்யூலை விழுங்கிய பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. கொட்டாவி விட்டார். குமட்டுகிறது என்றார். பிறகு கண்துணிக்குக் கீழே கண்ணீர் இறங்கியது, அது வழக்கம்தான். துண்டு அசைந்துகொண்டே இருந்தது. மருந்து உச்சத்தில் இருந்தபோது திடீரென்று கண்துணியைப் பிய்த்து எறிந்துவிட்டு எழுந்து உட்கார்ந்தார். முகம் வெளிறி, வேர்த்து ஊற்றியது. என்னைப் பார்த்துச் சொன்னார்.

"நான் போறனுங்க."

என்ன சொல்கிறார் என்று ஜேக் கேட்டான். போகிறேன் என்கிறார் என்று இங்கிலீஷில் சொன்னேன். வார்த்தைக்கு வார்த்தை சரியான மொழிபெயர்ப்பு. அதைக் கேட்டதும் ஜேக் எழுந்து கதவுக்குப் போய் நின்றான். அவன்மேல் தப்பே இல்லை. மருந்து ஏறியிருப்பவர் போகிறேன் என்று எழுந்தால் ஒருவர் கதவருகே நிற்க வேண்டும், கீழே பார்க்கிங் லாட், அதைத் தாண்டினால் கார்கள் பறக்கிற ஃப்ரீவே. எழுதிவைத்த விதிதான். ஆனால் கதவை மறைத்துக்கொண்டு ஓர் ஆள் நிற்பதைப் பார்த்ததும் துரைசாமி சாருக்கு உடம்பு நடுங்க ஆரம்பித்துவிட்டது. "போறனுங்க, போறனுங்க" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார், குரல் உடைகிறது. ஆனால் காலைத் தரையில் ஊன்றவே இல்லை. கதவையும் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவர் அறையைவிட்டுப் போகப் பார்க்கவில்லை. விடை கேட்கிறார். நம் ஊரில் போகிறவர் ஒன்று சொன்னால் இருக்கிறவர் ஒன்று சொல்ல வேண்டும், அப்போதுதான் வாசல் தாண்ட முடியும். அவர் தன் பாதியைச் சொல்லிவிட்டார். மறுபாதிக்காக என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஜேக்கை உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினேன். என் நாக்கு நுனிவரை "போயிட்டு வாங்க" வந்துவிட்டது. பிறந்ததிலிருந்து பழகிய நாக்கு அது. பல்லைக் கடித்து நிறுத்தினேன். வீட்டில் இத்தனை மாதமாக அவர் கேட்டுச் சலித்ததும் இப்படிப் போகவிடாத வார்த்தையைத்தான். நானும் அதையே சொன்னால், அந்தக் கதவையும் சாத்துவது நானாகத்தான் இருக்கும். வேறு என்ன சொல்வது? அனுமதித்த வாக்கியங்களில் ஒன்றுகூட அந்த இடத்துக்குப் பொருந்தவில்லை. பெரியவர் ஒருவரைப் பார்த்து, கேன்சர் வந்தவரைப் பார்த்து, அந்த ஒற்றை வார்த்தையைச் சொல்ல எந்தத் தமிழ் வாய்க்கு வரும்?

"சரிங்க. போங்க. துண்டு என் கையிலதான் இருக்கு" என்றேன்.

அவர் "சரிங்க சிஸ்டர்" என்றார். அப்படியே பின்னால் சாய்ந்து படுத்தார். பெரிதாக ஒரு மூச்சு வந்தது. நடுக்கம் மெதுவாக அடங்கியது. ரத்த அழுத்தம் பார்த்தேன், இறங்கியிருந்தது. அதற்கப்புறம் மதியம் தாண்டும்வரை அவர் பேசவில்லை. துண்டு எங்கள் இருவருக்கும் நடுவில் தொளதொளவென்று கிடந்தது. நான் என் முனையை விடவில்லை.

தெளிந்தபிறகு என்ன பார்த்தீர்கள் என்று வழக்கம்போல் கேட்டேன். வானவில், சாமி, பிரபஞ்சம் என்று மற்றவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இவர், "பெருசா ஒண்ணுமில்லீங்க. கிளம்பினேன். யாரும் தடுக்கல" என்றார். பிறகு பசிக்கிறது என்று சொல்லித் தயிர்சாதம் சாப்பிட்டார்.

செஷன் வீடியோவை மெரிடித் அடுத்த வாரம் என்னோடு உட்கார்ந்து பார்த்தார். அந்த இடத்தில் நிறுத்தினார். எழுதிவைக்காத வாக்கியம் ஒன்று சொல்லியிருக்கிறாய், அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். போகலாம் என்று அர்த்தம், ஆனால் எங்கள் மொழியில் அப்படி யாரும் சொல்லமாட்டோம், திரும்பி வருவேன் என்று சொல்லித்தான் போவோம், திரும்பி வா என்று சொல்லித்தான் அனுப்புவோம் என்று விளக்கினேன். அவர் வீடியோவைப் பின்னால் ஓட்டி இன்னொரு முறை பார்த்தார். "அப்ப உங்க பாஷையில யாரும் போகவே முடியாதா?" என்று கேட்டார். சாதாரணமா முடியாது டாக்டர் என்றேன். வெகுநேரம் கழித்து ஒரு "ம்ம்" வந்தது. அத்தனை வருஷத்தில் நான் வாங்கியதிலேயே பெரிய "ம்ம்" அதுதான், இன்றைக்கும் அதை நினைத்தால் பெருமையாகத்தான் இருக்கிறது.

பிரச்சினை அதற்கப்புறம்தான் வந்தது. மருந்துக்குப் பிறகும் சில நாள் உட்கார்ந்து பேசுவோம், அதில் ஒரு நாள் சரஸ்வதியும் வந்தார். துரைசாமி சார் மனைவியிடம் நடந்ததைச் சொன்னார், நான் "போங்க" என்று சொன்னதையும் சேர்த்து. அந்த அம்மா அவரைப் பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பினார். கண் சிவந்துவிட்டது.

"நீங்க ஒரு தமிழ்ப் பொம்பளைதானுங்களே? தாலி கட்டிக்கிட்டவ ஒருத்தி வெளிய உக்காந்திருக்கறப்ப, உள்ள அவரைப் போங்கன்னு சொல்ல உங்களுக்கு எப்படிங்க வாய் வந்துச்சு?"

வெள்ளைக்காரி சொல்லியிருந்தால் விவரம் தெரியாமல் சொல்கிறாள் என்று விட்டிருப்பேன், தெரிந்தே சொன்ன உங்களை மன்னிக்கவே மாட்டேன் என்றார். நல்லா இருப்பீங்களா என்றுகூடக் கேட்டார். எனக்குச் சுரீர் என்றது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. செய்தது சரி என்று அன்றைக்கும் தெரியும், இன்றைக்கும் தெரியும். "அவர் கேட்டாரும்மா. உங்ககிட்ட கேட்க முடியாததை என்கிட்ட கேட்டார். அடுத்த தடவை உங்ககிட்டதான் கேட்பார்" என்று மட்டும் சொன்னேன். அவர் ஹேண்ட்பேக்கை எடுத்துக்கொண்டு எழுந்தார். என்னிடம் வரேன் என்று சொல்லாமலே போனார். துரைசாமி சார் மட்டும் வாசலில் திரும்பி, துண்டைத் தோளில் போட்டபடி, பரவாயில்லை என்கிற மாதிரி தலையை ஆட்டினார். அவர் நன்றாகத் தூங்கினார் என்று பின்னால் தீபா சொல்லித் தெரிந்துகொண்டேன். பேச்சு நடந்ததா என்று மட்டும் அவளுக்கும் தெரியவில்லை. அம்மா என்னைப் பற்றிப் பேசவே விடவில்லையாம்.

மாதங்கள் போயின. ஒரு நாள் காலை இந்தியன் கடை பார்க்கிங் லாட்டில் காய்கறிப் பைகளை டிக்கியில் வைத்துக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. தெரியாத நம்பர். சரஸ்வதி.

முந்தாநாள் அவர் போய்விட்டார் என்றார். குரல் நிதானமாக இருந்தது. நான் டிக்கியை மூடாமல் அப்படியே நின்றேன். இன்னொரு வசவு காத்திருக்கிறது என்று நினைத்து, வாங்கிக்கொள்ளத் தயாரானேன்.

"கடைசில என் கையப் புடிச்சுட்டு, சரசு நான் போறேன்னாருங்க சிஸ்டர். நான் எந்திரிச்சுக் காப்பி போடப் போகல. பக்கத்துலயே உக்காந்திருந்தேன்."

அதற்குத் தான் என்ன சொன்னார் என்பதையும் சொன்னார்.

"சரிங்க, நீங்க போங்க, நான் மெதுவா வர்றேன்னு சொன்னனுங்க."